பென் டிரைவில் இருக்கும் நாற்பது நிமிட கிட்டார் யாருக்குச் சொந்தம்?

காரைக்குடி பக்கத்துக் கிராமத்தில் அப்பா காலத்திலிருந்து மைக் செட் நடத்தும் ஒருவர், வக்கீலான எனக்கு நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் எடுத்துவிட்டேன். கடிதத்தில் வரும் வெளிநாட்டு இசைக்கலைஞரின் பெயர், குழு, நாடு எதையும் நானும் எழுதப்போவதில்லை. ஏன் என்பது பதிலைப் படித்தால் புரியும்.

கடிதத்தின் சாரம் இது. சென்ற தை மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். முகப்பில் இரண்டு பாக்ஸ், வளவுக்குள் ஒரு மைக் என்று செட் போட்டிருக்கிறார். காலையிலிருந்தே ஸ்பீக்கரில் 'உம்'மென்று ஓர் இரைச்சல், ஒயரை மாற்றிப் பார்த்தும் போகவில்லை. பக்கத்துத் தெருவில் ஹோட்டலாக மாற்றிய பழைய வீட்டில் தங்கியிருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, மிக்ஸர் ஒரு சுவரிலும் ஆம்ப் இன்னொரு சுவரிலும் செருகியிருப்பதைச் சைகையால் காட்டி, இரண்டையும் ஒரே போர்டுக்கு மாற்றச் சொன்னாராம். மாற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது. அந்த வீட்டு ஆச்சி விடவில்லை, இலையில் உட்காரவைத்து கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் பரிமாறியிருக்கிறார். சாயங்காலம் கூட்டம் கலைந்து ஒயர் சுருட்டும் நேரத்தில், வீட்டுப் பையன் கொண்டுவந்த கிட்டாரை வாங்கிச் சுருதி சேர்த்து, திண்ணையில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் போல வாசித்திருக்கிறார், சில பாட்டுக்குப் பாடியும் இருக்கிறார். நம் வாசகர் சட்டென்று இரண்டு மைக்கை நிறுத்தி மிக்ஸரிலிருந்து நேரே பென் டிரைவில் ஏற்றிவிட்டார். வந்தவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார், "இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார் என்று அந்தப் பையன் மொழிபெயர்த்திருக்கிறான். முப்பது வருடமாக மேடையே ஏறவில்லை என்றும், ஏன் விட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் காரணம் உடல்நலம் சம்பந்தப்பட்டது, இங்கே வேண்டாம். கிளம்பும்போது பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

அப்புறம்தான் சிக்கல். வாசகரின் அக்கா மகன் இணையத்தில் தேடிப் பார்த்து, வந்தவர் எழுபதுகளில் உலகமெங்கும் தெரிந்த ஒரு ராக் குழுவில் இருந்தவர் என்கிறான். உறுதி செய்துகொள்ள, ஹோட்டலில் வேலை பார்க்கும் நண்பன் மூலமாகப் பாஸ்போர்ட் நகலையே போனில் படமெடுத்து வாங்கியிருக்கிறான். இரண்டு நிமிடத் துண்டு ஒன்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஏற்கெனவே போய்விட்டது. இந்த மருமகனுக்கு முழுப் பதிவையும் யூடியூபில் ஏற்ற வேண்டும். காரைக்குடி பழம்பொருள் புரோக்கர் ஒருவர் அந்தத் தாளுக்கு விலை பேசுகிறார். சென்னையிலிருந்து ஒருவர் பென் டிரைவுக்கு இரண்டு லட்சம் தருவதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் எட்டுப் பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், புது ஸ்பீக்கருக்கு வாங்கிய கடன் நிற்கிறது. "மிக்ஸர் என்னுடையது, மைக் என்னுடையது, பென் டிரைவ் என்னுடையது. பதிவு மட்டும் எப்படி இன்னொருத்தருடையதாகும்? அவரே தொழிலை விட்டுவிட்டாரே" என்று கேட்கிறார்.

உங்களிடமே பேசுகிறேன். முதலில் நிம்மதியாக இருங்கள், அன்றைக்கு நீங்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. சொந்த உபயோகத்துக்காக ஒரு கலைஞரின் வாசிப்பைப் பதிவு செய்துகொள்வதை நம் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது, 39-வது பிரிவு. அதற்கு மேல் அவர் பார்த்துத் தலையசைத்தும் இருக்கிறார். அதனால் பயந்துபோய் பதிவை அழித்துவிடாதீர்கள். ஆனால் அந்த எட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், யூடியூபில் ஏற்றவும் விடாதீர்கள். இந்த இரண்டையும் உங்கள் மருமகனிடம் இன்றைக்கே சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஒரு பதிவுக்குள் மூன்று உரிமை

உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் நீங்களே உங்கள் தொழிலை வைத்து யோசித்துப் பாருங்கள். தேர்தல் நேரத்தில் உங்கள் மைக்கில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுகிறார், ஆம்பும் உங்களுடையது, கரண்டுக்கு ஓடுகிற ஜெனரேட்டரும் உங்களுடையது. பேச்சு உங்களுடையது ஆகிவிடுமா? சட்டம் இந்த விஷயத்தை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது.

முதலாவது பாட்டு, அதாவது வரியும் மெட்டும். அதை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு, இறந்த பிறகு இன்னும் 60 ஆண்டு அவருடைய வாரிசுக்கோ அவரிடமிருந்து உரிமை வாங்கியவருக்கோ. இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரிலிருந்து அந்த 60 ஆண்டைக் கணக்கிடுவார்கள். ராக் குழுக்களில் பெரும்பாலும் இப்படிச் சேர்ந்துதான் எழுதியிருப்பார்கள், பல பேர் அந்த உரிமையைப் பாடல் பதிப்பு நிறுவனங்களுக்குக் கொடுத்தும் இருப்பார்கள். ஆகவே திண்ணையில் வாசித்தவரே சரி என்று சொன்னால்கூட, பழைய குழுப் பாட்டுகளைப் பொறுத்தவரை அவர் ஒருவர் சம்மதம் போதாமல் போகலாம். வெளிநாட்டுப் பாட்டுக்கு இங்கே என்ன சட்டம் என்று கேட்காதீர்கள், ஒரு நாட்டுப் பாட்டை மற்ற நாடுகளும் காக்க வேண்டும் என்கிற பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதலே இருக்கிறது, அதில் சேர்ந்த நாட்டுப் பாட்டுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு.

இரண்டாவது, வாசிப்பு. இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பாட்டு யாருடையதாக இருந்தாலும், அன்றைக்கு அந்தத் திண்ணையில் அந்த விரல்கள் வாசித்தது ஒரு தனி நிகழ்த்தல். அதற்கு 'நிகழ்த்துநர் உரிமை' என்று பெயர், 38-வது பிரிவும் 2012 திருத்தத்தில் சேர்ந்த 38ஏ, 38பி பிரிவுகளும் அதைப் பற்றியவை. நிகழ்ந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டு அது நிற்கும். அந்தக் காலம் முழுவதும் அவர் சம்மதம் இல்லாமல் பிரதி எடுத்து விற்கவோ, பொதுமக்கள் கேட்கும்படி வெளியிடவோ முடியாது. மேடை வேண்டும், டிக்கெட் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வாசித்தது செட்டிநாட்டு மண்ணில் என்பதால் இந்தியச் சட்டம் பொருந்துமா என்ற சந்தேகமும் இல்லை.

மூன்றாவதுதான் பதிவு. அதை முன்கை எடுத்துச் செய்தவர் நீங்கள், ஆகவே 'ஒலிப்பதிவின் தயாரிப்பாளர்' என்று சட்டம் உங்களைச் சொல்லும். உங்களுக்கும் ஓர் உரிமை இருக்கிறது, அதை யாரும் தட்டிப்பறிக்க முடியாது. அவரே நாளைக்கு அந்தப் பதிவை வெளியிட ஆசைப்பட்டாலும் உங்களைக் கேட்காமல் உங்கள் பதிவை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உங்கள் உரிமை மற்ற இரண்டின் மேல் ஏறி நிற்கிறது. அவை சம்மதிக்காதவரை இதை மட்டும் தனியாக எடுத்துப்போய் விற்க வழி இல்லை.

தலையசைத்தாரே, அது சம்மதம் இல்லையா என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவு செய்வதற்குச் சம்மதம்தான். ஊருக்குப் போட்டுக் காட்டுவதற்கு இல்லை. அதோடு "நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்ற பேச்சை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் நேர்மைக்கு அது சாட்சி. அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் இருந்தால்கூட நான் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன், அது இருக்கும்போது இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

தொழிலை விட்டவருக்கு உரிமை போய்விடுமா?

போகாது. குவீன் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் 1997-க்குப் பிறகு மேடை, பேட்டி எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கிவிட்டார். அவர் எழுதிய பாட்டுகளின் உரிமை அவரை விட்டுப் போகவில்லை. பிங்க் ஃபிளாய்ட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் 1968-ல் வெளியேறி, பிறகு சொந்த ஊரான கேம்பிரிட்ஜுக்கே திரும்பி, ரோஜர் என்ற இயற்பெயரோடு ஓவியம், தோட்டம் என்று 2006-ல் இறக்கும்வரை ஒதுங்கி வாழ்ந்தார். அவரை மட்டும் உலகம் ஒதுங்க விட்டதா என்றால் இல்லை, பத்திரிகைக்காரர்களும் ரசிகர்களும் வீட்டு வாசலுக்கே வந்து படமெடுத்தார்கள், பல்பொருள் கடைக்குப் போய்விட்டு சைக்கிளில் திரும்பும் ஒரு மனிதரை வழிமறித்தார்கள். உங்கள் திண்ணைக்கு வந்தவரும் ஏதோ ஒரு காரணத்துக்காக அந்த வாழ்க்கையை மூடிவைத்தவர்தான். முப்பது வருடம் மேடையில் தொடாததை அன்றைக்கு அவர் தொட்டதற்குக் காரணம், அங்கே இருந்த யாருக்கும் அவர் யார் என்று தெரியாமல் இருந்ததும், நீங்கள் அவரை இரைச்சலைச் சரிசெய்த ஒரு சக தொழில்காரராக நடத்தியதும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வக்கீலாக இதைச் சொல்லவில்லை. ஆனாலும் இந்த விவகாரத்தில் நீங்கள் எடுக்கும் முடிவில் இதற்கும் இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

'ஐம்பது வருடம் தாண்டிய பாட்டு எல்லாம் ஃப்ரீ' என்று மருமகன் சொல்வது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. ஐரோப்பாவில் இசைத்தட்டுகளுக்கு முன்பு 50 ஆண்டுக் கணக்கு இருந்தது, 2011-ல் அதை 70 ஆக்கிவிட்டார்கள். அது இசைத்தட்டைப் பற்றியது, பாட்டைப் பற்றியது அல்ல. அன்றைக்கு வாசித்ததோ இந்தத் தை மாதத்து வாசிப்பு. அதன் 50 ஆண்டு இன்னும் தொடங்கவே இல்லை.

கல்யாண வீட்டில் போடுகிறோமே?

இது உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் மைக் செட் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தேவை. 'கல்யாணத்திலும் கோயில் கொடையிலும் ஆயிரம் பாட்டுப் போடுகிறோம், யாரும் கேட்டதில்லை' என்கிறீர்கள். யாரும் கேட்காததற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. உண்மையான மதச் சடங்கிலும் கல்யாண ஊர்வலம் முதலான கல்யாணம் சார்ந்த நிகழ்ச்சிகளிலும் பாட்டைப் பொதுவில் ஒலிபரப்புவது உரிமை மீறல் ஆகாது என்று 52-வது பிரிவு விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கு அந்தச் சடங்கோடு முடிந்துவிடும். கடை திறப்பு விழா, ஹோட்டலில் புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று போனால் லைசன்ஸ் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. இணையத்தில் ஏற்றுவதற்கும் அந்த விலக்குக்கும் சம்பந்தமே கிடையாது.

'விளம்பரம் போடமாட்டேன், காசு வாங்கமாட்டேன், கீழே கிரெடிட் போட்டுவிடுவேன்' என்பதும் காப்பாற்றாது. பெயர் போடுவது அவருக்குச் செய்ய வேண்டிய கடமை, அனுமதிக்கு மாற்று இல்லை. முப்பது நொடிக்குள் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது, அப்படி ஒரு விதி நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை. யூடியூப் தன் பங்குக்கு ஒலியை ஒப்பிட்டுப் பார்த்து உரிமைக்காரருக்குத் தெரிவித்துவிடும், 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்தால் சேனலையே மூடுவார்கள். மருமகன் கோயில் திருவிழா வீடியோக்களை வைத்துக் கஷ்டப்பட்டு வளர்த்த சேனல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஏன் பணயம் வைக்க வேண்டும்? சட்டத்தின் கடுமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெரிந்தே மீறினால் 63-வது பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லையென்றால் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ஆனால் இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத, நீதிமன்றம் பார்த்துத்தான் ஜாமீன் தர வேண்டிய குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களைப் போலீஸ் தேடும் என்று பயமுறுத்த இதை எழுதவில்லை, நடைமுறையில் முதலில் ஒரு நோட்டீஸ்தான் வரும். இருந்தாலும், இந்தக் கடிதத்தை எனக்கு எழுதிய பிறகு 'தெரியாமல் செய்தேன்' என்று சொல்வது கஷ்டம்.

வாட்ஸப்பில் போன இரண்டு நிமிடத் துண்டுக்குத் தலையில் கை வைக்க வேண்டாம். குரூப்பில் இருப்பவர்களிடம் 'அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்' என்று தமிழில் தெளிவாக ஒரு செய்தி போடுங்கள். அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் துண்டு எங்காவது வெளிப்பட்டால் நீங்கள் நல்லெண்ணத்தோடு தடுக்கப் பார்த்தீர்கள் என்பதற்கு அது ஆதாரம்.

அந்த எட்டுப் பக்கம்

நீங்கள் அனுப்பிய நகலை முழுவதும் படித்தேன். இரண்டு லட்சம் என்பது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறது. உங்களைக் கவிழ்க்கும் விஷயம் ஆறாவது பக்கத்தில் இருக்கிறது. 'இந்தப் பதிவில் வேறு எவருக்கும் எந்த உரிமையும் இல்லை என்று உறுதி கூறுகிறேன், பின்னால் யாரேனும் உரிமை கோரினால் வழக்குச் செலவு உட்பட எல்லா நஷ்டத்தையும் நானே ஈடு செய்கிறேன்' என்பதுதான் அந்தப் பத்தியின் அர்த்தம். அதாவது சென்னைக்காரர் வெளியிட்டு வழக்கு வந்தால், வெளிநாட்டு வக்கீல் ஃபீஸ் உட்பட எல்லாம் உங்கள் தலையில். அந்த உறுதிமொழி பொய் என்பதும் உங்களுக்குத் தெரியும். மகள் ஃபீஸுக்காக வாங்கிய இரண்டு லட்சம் வீட்டையே இழுத்துக்கொண்டு போகக்கூடிய பத்தி அது. இன்னொன்று, எந்த நாட்டில், எத்தனை வருடத்துக்கு என்று எழுதாத உரிமை மாற்றத்தை நம் சட்டம் இந்தியாவுக்கு மட்டும், ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வந்த தாளில் 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' என்று போட்டு அந்தப் பாதுகாப்பையும் கவனமாக எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

ஐந்தாவது பக்கத்தில் 'குரல் மாதிரியைத் தயாரிக்கவும் பயிற்றுவிக்கவும்' என்று ஒரு வரி வருகிறது. கூட்டத்தின் சத்தம் இல்லாமல், மிக்ஸரிலிருந்து நேரே எடுத்த சுத்தமான ஒரு குரல் பதிவு கிடைத்தால் அதை வைத்து ஏஐ மென்பொருள் மூலம் அவர் பாடாத பாட்டையும் அவர் குரலில் பாடவைக்கலாம். அந்த இரண்டு லட்சத்தின் பெரும்பகுதி இதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படிக் குரலை நகலெடுப்பதற்கு இடைக்காலத் தடை போட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2015-லேயே, ரஜினிகாந்த் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் ஒரு படத்தில் பயன்படுத்துவதைத் தடுத்திருக்கிறது. அப்படி ஒரு காரியத்துக்கு மூலப்பொருள் கொடுத்தவர் என்று உங்கள் பெயர் ஒரு வழக்கில் வர வேண்டாம்.

சென்னைக்காரருக்கு ஒரே வரியில் பதில் போடுங்கள்: 'வாசித்தவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் இதைப் பற்றிப் பேச முடியாது.' அதற்கு மேல் போனில் பேசாதீர்கள், மாதிரிக்கு என்று ஒரு நிமிடத் துண்டுகூட அனுப்பாதீர்கள்.

பாஸ்போர்ட் படத்தை இன்றைக்கே அழியுங்கள்

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இந்த விஷயம்தான் என்னை ரொம்பக் கவலைப்பட வைத்தது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஹோட்டலில் பாஸ்போர்ட் நகல் வாங்குகிறார்கள். அந்த ஒரு காரியத்துக்குக் கொடுத்த நகலை ஓர் ஊழியர் போனில் படமெடுத்து வெளியே கொடுத்தால் அவர் வேலை போவதோடு நிற்காது. வேலையின் மூலம் கிடைத்த சொந்தத் தகவலைச் சம்மதமில்லாமல் ஆதாயத்துக்காக வெளியிடுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை இருக்கிறது. மருமகனின் நண்பர் ஆதாயம் பார்க்கவில்லை, ஒரு ஆர்வத்தில் செய்தார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக்கு நீங்கள் பதிவை விற்றால் அந்த ஆர்வத்துக்கே வேறு அர்த்தம் வந்துவிடும். நண்பர், மருமகன், நீங்கள் என மூன்று பேர் போனிலிருந்தும், கூகுள் போட்டோஸில் தானாக ஏறியிருந்தால் அங்கிருந்தும் அழியுங்கள்.

வெளிநாட்டுக்காரருக்கு நம் அரசமைப்பின் அடிப்படை உரிமை எப்படிப் பொருந்தும் என்று மருமகன் கேட்டிருக்கிறான். 21-வது உறுப்பு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'எந்த ஆளும்' என்று சொல்கிறது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கத்தை அதன்கீழ் அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தார்கள். அதற்கும் முன்னால், 1994-ல், ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கிலேயே, ஒரு மனிதருக்குத் தன்னைத் தனியே விடச்சொல்லும் உரிமை உண்டு, பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம், அதைத் தாண்டிச் சொந்த வாழ்க்கைக்குள் சம்மதமில்லாமல் போகக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது. அந்தக் கோட்டை இங்கே வைத்துப் பாருங்கள். அவர் எந்தக் குழுவில் இருந்தார் என்பது ஊரறிந்த விஷயம். எந்த ஹோட்டலில் தங்கினார், யாரோடு வந்தார், உடம்புக்கு என்ன என்பதெல்லாம் அப்படி இல்லை.

அப்படியானால் இந்த அனுபவத்தை யாரிடமும் சொல்லவே கூடாதா? தாராளமாகச் சொல்லுங்கள். நடந்தது உங்கள் வாழ்க்கையிலும்தான். ஓர் பெரியவர் வந்தார், இரைச்சலைக் கண்டுபிடித்தார், திண்ணையில் வாசித்தார் என்று நீங்கள் எழுதலாம், பேசலாம். பெயரையும் தங்கிய இடத்தையும் உடல்நிலையையும் விட்டுவிட்டாலே போதும்.

அந்த பில் புக் தாள்

இதில் குழப்பம் குறைவு. கையில் கொடுத்த பரிசு உங்களுடையது, அசையும் பொருளைக் கொடுத்து முடித்தாலே தானம் செல்லும், பத்திரம் தேவையில்லை. தாளை விற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதிலுள்ள நான்கு வரி இதுவரை வெளிவராத புதிய பாட்டாக இருந்தால், அந்த வரிகளை வெளியிடும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. வாங்குபவர் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அச்சடித்து விற்க முடியாது. என்னைக் கேட்டால் புரோக்கரிடம் இப்போது கொடுக்காதீர்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் பாத்திரத்துக்கும் தேக்குத் தூணுக்கும் விலை தெரியும், இந்த மாதிரிக் கையெழுத்துக்கு அங்கே சரியான விலை கிடைக்காது. அதோடு, அவர்தான் எழுதினார் என்று நிரூபிக்க உங்கள் கையில் இருப்பது நீங்கள் அழிக்க வேண்டிய அந்தப் பாஸ்போர்ட் படம் மட்டும்தான். அவராகவே ஒரு வார்த்தை எழுதித் தந்தால் கதையே வேறு.

அவரிடமே கேளுங்கள்

இவ்வளவு பேரோடு பேசியிருக்கிறீர்கள், வாசித்தவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. ஹோட்டல் நிர்வாகத்திடம் முறைப்படி போய், முகவரி கேட்காமல், 'இந்தக் கடிதத்தை அவருக்கு அனுப்பிவிட முடியுமா' என்று கேளுங்கள். அவர்கள் மறுத்தால், அந்தக் குழுவின் பாட்டுகளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 'உரியவரிடம் சேர்க்கவும்' என்று எழுதலாம். மருமகன் சொல்லும் ஆள் இவர் இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு, வயதான முகத்தை ஐம்பது வருடம் முந்தைய போட்டோவோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறான். பாஸ்போர்ட்டிலும் மேடைப் பெயர் இருந்திருக்காது. ஆகவே கடிதத்தில் குழுவின் பெயரையே எழுத வேண்டாம். 'நீங்கள் இரைச்சலை நிறுத்திக் கொடுத்த மைக் செட்காரர்' என்று எழுதினாலே அவருக்கு உங்களைத் தெரியும்.

கடிதம் ஒரு பக்கம் போதும், மகள் ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும். அன்றைக்குப் பதிவு செய்தது பத்திரமாக இருக்கிறது, யாருக்கும் விற்கவில்லை, ஒரு சின்னத் துண்டு குடும்பத்துக்குள் போய்விட்டது, அதை அழிக்கச் சொல்லிவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அவருக்கு ஒரு பிரதி வேண்டுமா என்று கேளுங்கள். பிறகு, இதை வெளியிட அவருக்கு விருப்பம் உண்டா, உண்டு என்றால் எந்த விதத்தில், எனக்கு அதில் என்ன பங்கு என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பதிவு செய்தவர் நீங்கள், உங்கள் உழைப்புக்குக் கூலி கேட்பது பேராசை இல்லை. காலேஜ் ஃபீஸைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம், அது அவரைச் சங்கடப்படுத்தும், பதிலையும் கோணலாக்கும்.

அவர் வேண்டாம் என்று சொன்னால் பதிவு உங்கள் வீட்டில் இருக்கட்டும், நீங்களும் வீட்டாரும் கேளுங்கள், அதை யாரும் தடுக்க முடியாது. பதிலே வரவில்லை என்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பென் டிரைவை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம், நாள்பட்டால் பென் டிரைவ் படுத்துவிடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். மூலக் கோப்பை வெட்டாமல் ஒட்டாமல் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், எந்த மைக் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.

சரி என்று சொன்னால், உற்சாகத்தில் உடனே ஏற்றிவிடாமல் அந்தப் பதிலோடு எனக்கு ஒரு வரி போடுங்கள். எந்தப் பாட்டுகள் அவர் தனியாக எழுதியவை, எவை குழுவோடு சேர்ந்தவை என்று அவரிடமே கேட்டுப் பிரித்துக்கொண்டால், தனிப் பாட்டுகளுக்கு மட்டும் இரண்டு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிவிடலாம். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கினால் இதற்காகக் காத்திருக்காதீர்கள், வங்கியில் கல்விக் கடனுக்கு மனு கொடுத்துவிடுங்கள். குறிப்பிட்ட வரம்பு வரை அடமானம் இல்லாமலேயே தருவார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.